மலையிறங்கினால் யானைக்காடு

(இரத்தினபுரியில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் "ஆபிரிக்கக் காட்டில் ஒரு நாள்" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். கூட்டம் சேர வேண்டுமே என்று போட்டிருப்பார்கள், குறை சொல்லவில்லை. நான் ஆபிரிக்காவுக்குப் போனவன் அல்ல. செரெங்கெட்டியும் மசாய் மாராவும் உங்களைப் போலவே எனக்கும் தொலைக்காட்சியில்தான் பழக்கம். ஆனாலும் அந்தத் தலைப்பை ஒரேயடியாகத் தள்ளிவிட மனம் வரவில்லை. ஆபிரிக்காவுக்குப் போகிறவர்கள் பெரும் பணம் கட்டிப் பார்க்கிற மிருகங்களில் சிங்கம், நீர்யானை, காண்டாமிருகம் மூன்றும் ஒரு காலத்தில் இந்த இரத்தினபுரி மண்ணில் நடமாடியவை.

மாணிக்கக் குழியில் இறங்கி வேலை செய்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். குழியின் அடியில் இல்லம் என்று சொல்கிறோமே, அந்தக் கூழாங்கல் படையில் கல் மட்டும் கிடைப்பதில்லை. எலும்பும் பல்லும் கிடைக்கும். கொழும்பு அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவர்கள் இப்படிக் கிடைத்தவற்றைச் சேர்த்து வைத்து ஆராய்ந்து, அழிந்துபோன ஒரு விலங்குக் கூட்டத்தையே அடையாளம் காட்டினார். இன்றைக்கும் அறிவியலாளர்கள் அதை இரத்தினபுரியின் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். சிங்கத்துக்கு அவர் காட்டிய சான்று குருவிட்டைப் பக்கத்தில் கிடைத்த பற்கள். 1939இல் அதற்கு 'பந்தெரா லியோ சிங்ஹலேயஸ்' என்று பெயரும் வைத்தார். குருவிட்டை இங்கிருந்து எவ்வளவு தூரம்? அரை மணித்தியாலம்கூட இல்லை. கல் இல்லையே என்ற கோபத்தில் எத்தனை பல்லைக் கழிவு மண்ணோடு வாரிக் கொட்டியிருக்கிறோமோ, யார் கண்டது!

சிங்கமும் நீர்யானையும் காண்டாமிருகமும் போய்விட்டன. யானை மிஞ்சியது. சிறுத்தையும் மிஞ்சியது. இந்த இரண்டும் நம் மாகாணத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பார்ப்பதற்கென்று புறப்பட்டுப் போன தோட்டத்துக் குடும்பங்கள் எத்தனை? கதிர்காமத்துக்குப் போகிற வழியில் மின்சார வேலிக்குப் பக்கத்தில் நின்ற யானைக்கு வாழைப்பழம் எறிந்தோம் என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பார்த்ததும் இல்லை, நல்ல காரியமும் இல்லை. காட்டைப் பார்ப்பது வெள்ளைக்காரருக்கும் கொழும்புக்காரருக்கும் உரிய பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று ஓர் எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்தோடு சண்டை போடத்தான் வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஆசிரிய நண்பர்கள் சிலரோடு உடவளவைக்குப் போனேன். இரவு இரண்டரை மணிக்குப் புறப்பட்டு, பெல்மதுளை, காவத்தை, கொடகவெல, பல்லேபெத்த என்று இறங்கினோம். இந்தப் பாதையே ஒரு பாடம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. உடவளவையில் அதில் பாதியும் இல்லை. இறப்பர் மரமும் தேயிலையும் ஒவ்வொன்றாகப் பின்தங்கி, வயலும் வாழையும் வந்து, பிறகு புல்லும் முட்பற்றையுமாகத் தரை விரிகிறது. அட்டை கடிக்கிற நாட்டிலிருந்து புழுதி பறக்கிற நாட்டுக்கு இரண்டரை மணித்தியாலத்தில் போய்விடலாம்.

உடவளவை தேசிய பூங்கா சப்ரகமுவவுக்கும் ஊவாவுக்கும் எல்லையில் கிடக்கிறது. 1972 ஜூன் 30ஆம் திகதி அறிவிக்கப்பட்டது. பரப்பு 308 சதுர கிலோமீற்றர். வளவை கங்கையை மறித்து நீர்த்தேக்கம் கட்டியபோது காடு மூழ்கி இடமிழந்த விலங்குகளுக்கு அடைக்கலமாக ஏற்படுத்திய பூங்கா இது. அதற்கு முன்னால் அந்தப் பக்கம் சேனைப் பயிர் செய்த மக்கள் இருந்தார்கள். பூங்கா வந்ததும் அவர்களை வெளியேற்றினார்கள். அங்கே புல்வெளி இவ்வளவு விரிந்து கிடப்பதற்குக் காட்டை வெட்டி எரித்த அந்தச் சேனைகளும் ஒரு காரணம். இன்று யானை மேய்கிற இடத்தில் ஒரு காலத்தில் யாரோ குரக்கன் விதைத்திருப்பார்கள். காடு என்றால் ஆதியிலிருந்து மனிதன் கால் படாத இடம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கும். அதற்கு முன்னமே ஜீப்புகள் வரிசையில் நின்றன. இந்த முதல் இரண்டு மணித்தியாலத்தைத் தவறவிட்டால் பாதி நாள் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் விலங்கு நிழலுக்குப் போய்விடும். உள்ளே நுழைந்த உடனே மயில். ஒன்றிரண்டல்ல, பட்டுப்போன மரத்துக்கு மரம். பஞ்சுருட்டான் குருவிகள் முட்செடியின் நுனியில் உட்கார்ந்து, பறந்து பூச்சியைப் பிடித்து, அதே நுனிக்குத் திரும்பின. ஒரு நரி பாதையை வெட்டிக் குறுக்கே போயிற்று. எங்களைப் பார்க்கக்கூட இல்லை. புள்ளிமான், எருமை, ஓடை மணலில் வாய் திறந்தபடி முதலை. இவையெல்லாம் வழியில் கண்டவை. எங்களோடு வந்தவர்கள் "யானை எங்கே, யானை எங்கே" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் இவற்றில் பாதி எங்கள் கண்ணில் சரியாகப் படவே இல்லை. ஒன்றையே தேடிப் போகிறவனுக்கு வழியெல்லாம் வெறும் வழிதான்.

யானையை ஏழு மணிக்கு முன்னால் கண்டோம். பதினைந்து இருக்கும். பெண் யானைகளும் குட்டிகளும். சாரதி நல்ல மனிதர், எஞ்சினை நிறுத்திவிட்டார். அங்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். அந்த நாளில் நாங்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான். மற்ற ஜீப்புகள் வந்தன, ஐந்து நிமிடம் நின்றன, படம் எடுத்தன, போயின. யானையைப் பார்க்க ஐந்து நிமிடம் போதாது, ஐயா. முதல் பத்து நிமிடத்துக்கு அது ஒரு பெரிய கறுத்த உருவம், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் அது என்ன செய்கிறது என்பது புலப்படத் தொடங்கும்.

புல் தின்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். துதிக்கையால் ஒரு பிடி புல்லைச் சுற்றிப் பிடிக்கிறது. முன்கால் நகத்தால் வேரடியில் உதைக்கிறது. புல் கையோடு வந்துவிடும். அதை அப்படியே வாய்க்குள் திணிப்பதில்லை. முன்காலில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் தின்கிறது. மண்ணைத் தின்றால் பல் தேயும். பக்கத்தில் ஒரு குட்டி அதையே செய்து பார்க்கிறது. துதிக்கை அதன் பேச்சைக் கேட்கவில்லை. காலால் உதைக்கிறது, புல் வரவில்லை. கடைசியில் தாயின் வாயிலிருந்து தொங்கிய புல்லை இழுத்துத் தின்றது. எங்களோடு வந்த ஓர் ஆசிரியை, முதலாம் வகுப்புக்குப் படிப்பிப்பவர், "இது எங்கள் வகுப்பேதான்" என்றார்.

இந்த உடவளவை யானைகளை ஷெர்மின் டி சில்வா என்ற இலங்கை ஆய்வாளர் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறார். காதின் கிழிசல், மடிப்பு, வாலின் அமைப்பு ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு யானையையும் தனித்தனியாக அடையாளம் கண்டு பதிவு செய்தவர். ஆபிரிக்க யானைகளுக்கும் நம்முடைய யானைகளுக்கும் காது, முதுகு, தந்தம் என்று உடல் வேறுபாட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய குழு வேறொன்றைக் காட்டியது. கென்யாவில் சம்புரு என்ற வறண்ட காட்டு யானைகளோடு உடவளவை யானைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சம்புருவில் மூத்த பெண் யானையின் ஆட்சி தெளிவாக இருக்கிறது. யார் பெரியவர், யார் விலகி வழிவிட வேண்டும் என்பதில் அங்கே ஓர் ஒழுங்கு உண்டு. உடவளவையில் அப்படிக் கறாரான வரிசை இல்லை. பெண் யானைகள் சேர்கின்றன, பிரிகின்றன, சில நாள் கழித்து மறுபடி சேர்கின்றன. தலைவி என்று ஒருத்தியைச் சுட்டிக் காட்டுவது கடினம். இங்கே புல்லும் தண்ணீரும் தாராளம். சிங்கத்தின் பயமும் இல்லை. ஆகவே ஒருத்தியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கூட்டமாக ஒட்டிக்கொண்டே திரிய வேண்டிய தேவை குறைவு என்பது அவர்கள் தருகிற விளக்கம். ஆக, தொலைக்காட்சியில் ஆபிரிக்க யானையைப் பற்றிக் கேட்டதை நம் யானைக்கு அப்படியே பொருத்திச் சொல்லக் கூடாது.

தந்தத்தைப் பற்றிக் கேட்பீர்கள். நாங்கள் கொம்பன் யானையைக் காணவில்லை. அதில் ஏமாற்றமும் இல்லை. இலங்கையில் ஆண் யானைகளிலேயே நூற்றுக்கு ஏழு அளவில்தான் தந்தம் உள்ளவை. பெரஹராவில் முன்னால் வருகிற கொம்பனைப் பார்த்துப் பழகிய கண், காட்டிலும் அதையே தேடுகிறது.

வெயில் ஏறியதும் நீர்த்தேக்கத்தின் கரைக்குப் போனோம். நீரில் மூழ்கிச் செத்த மரங்கள் அரை நூற்றாண்டு கடந்தும் வெள்ளையாக நிற்கின்றன. அந்தக் கிளைகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. கூழைக்கடாவும் மீன் தேடும் கழுகும் இருந்தன. இதற்கு மேல் பறவைகளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. தெரிந்தவர்களோடு போங்கள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பூங்காவின் அருகே 'எத் அதுரு செவன' என்று ஓரிடம் இருக்கிறது. தாயை இழந்த யானைக் குட்டிகளின் இடைத்தங்கல் இல்லம். 1995இல் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் தொடங்கியது. கிணற்றில் விழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் தாயைப் பறிகொடுத்தது, கண்ணியில் கால் அகப்பட்டது என்று நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் வருகிற குட்டிகளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறை பால் கொடுக்கிறார்கள். புனலில் ஊற்றி, குழாய் வழியாக வாய்க்குள் இறங்குகிறது பால். மேடையில் நின்று தூரத்திலிருந்துதான் நாம் பார்க்கலாம். தொட முடியாது, தீனி கொடுக்க முடியாது. சில ஆண்டுகளில் குட்டி வளர்ந்ததும் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். இப்படி நூற்றுக்கு மேற்பட்டவை காட்டுக்குத் திரும்பியிருக்கின்றன.

கேகாலைப் பக்கத்திலிருந்து வந்திருக்கிற நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பின்னவலவும் அநாதைக் குட்டிகளுக்காக 1975இல் தொடங்கிய இடந்தான். மா ஓயாவில் யானைகள் கூட்டமாகக் குளிப்பதைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதில் தப்பில்லை. 2021இல் அங்கே இரட்டைக் குட்டிகள் பிறந்ததும் அருமையான செய்தி. கண்ணிவெடியில் காலை இழந்த 'சாமா' என்ற யானையைப் பல ஆண்டு வைத்துப் பராமரித்தவர்களும் அவர்கள்தான். ஆனால் பின்னவலவுக்குப் போன யானை காட்டுக்குத் திரும்புவதில்லை. பாகனும் சங்கிலியுமாக இருக்கிற யானையைப் பார்ப்பது காட்டு விலங்கைப் பார்ப்பதாகாது. இரண்டுக்கும் டிக்கெட் உண்டு என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

இனி அந்த உடவளவை இல்லத்தில் நடந்த ஒரு சம்பவம். அங்கே யானைக்கு மட்டுமல்ல, மற்ற விலங்குகளுக்கும் வைத்தியம் பார்க்கிறார்கள். 2020 மே மாதக் கடைசியில் ஒரு கருஞ்சிறுத்தையைக் கொண்டு வந்தார்கள். சிவனொளிபாத மலையின் மறுபக்கம், நல்லதண்ணிக்குப் பக்கத்தில் லக்சபான தோட்டத்தில் சுருக்குக் கம்பியில் அகப்பட்ட சிறுத்தை அது. கம்பி கழுத்தில் இறுகியிருந்தது. மயக்க ஊசி போட்டு, கம்பியை வெட்டி எடுத்து, மலையிலிருந்து உடவளவை வரை கொண்டு வந்து வைத்தியம் பார்த்தார்கள். மே 29ஆம் திகதி அது செத்துப்போனது. இலங்கையில் கருஞ்சிறுத்தை என்பது எப்போதோ ஒரு முறை கண்ணில் படுகிற விலங்கு. அதைப் பார்க்க வேண்டுமென்றே உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆள் வருவார்கள். அது நம்முடைய தேயிலை மலைக்குள் நடமாடிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்பியைச் சிறுத்தைக்காக யாரும் கட்டியிருக்க மாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் தோட்டங்களில் அது பன்றிக்குக் கட்டுவது. பழைய மோட்டார் சைக்கிள் கேபிள் ஒன்று போதும். லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி மரவள்ளியும் வத்தாளங்கிழங்கும் போட்டிருக்கிறோம். ஒரே இராத்திரியில் பன்றி வந்து கிளறிவிட்டுப் போகிறது. சம்பளம் என்ன நிலையில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கிழங்கு விளையாட்டுக்குப் போட்டதல்ல. ஆகவே கம்பி கட்டியவனைக் கொலைகாரன் என்று நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. பன்றி நடக்கிற தடத்தில்தான் பன்றியைத் தேடிச் சிறுத்தையும் நடக்கும். மலைநாட்டுச் சிறுத்தைகளைத் தானியங்கிக் கமராக்களை வைத்து ஆராய்ந்தவர்கள், அவை காட்டுத் துண்டுகளுக்கு இடையே தேயிலைத் தோட்டங்களைப் பாதையாகப் பாவிப்பதைக் காட்டியிருக்கிறார்கள். நாம் அதன் பாதையில் குடியிருக்கிறோம், அது நம் மலையில் நடக்கிறது. இன்னொன்று, சிறுத்தை தின்பவற்றில் பன்றியும் முள்ளம்பன்றியும் மரையும் உண்டு. சிறுத்தையைக் கொன்றால் மரவள்ளிக்கு நல்லதா? கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று. நம் முன்னோர்கள் கோப்பிக் காலத்தில் மன்னார் வழியாக நடந்து வந்த அதே ஆண்டுகளில்தான் மலைநாட்டு யானைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். தோமஸ் ரோஜர்ஸ் என்ற இராணுவ மேஜர் தனியொருவராக 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். யானைகளின் சாபம் என்று ஊரில் பேச்சு. அது எப்படியோ போகட்டும். மலைச் சரிவுகளில் கோப்பி நட்டார்கள், பிறகு தேயிலை. யானை மலையை விட்டுப் போயிற்று. சிவனொளிபாத மலைக் காட்டிலும் சிங்கராஜவனத்திலும் இன்று எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. காட்டை வெட்டச் சொன்னவன் துரை, வெட்டியது நம் கை. அந்தக் கதையில் நம்மைக் கூலி என்று மட்டும் எழுதி வைத்தார்கள். இன்று பத்திரிகைச் செய்தியில் கம்பி கட்டியவன் என்று மட்டும் எழுதுகிறார்கள். மூன்றாவதாக ஓர் இடம் இருக்கிறது. பார்க்கிறவன், தெரிந்தவன், எடுத்துச் சொல்கிறவன் என்ற இடம். அது காலியாகத்தான் கிடக்கிறது.

அதற்கு ஜீப்பும் வேண்டியதில்லை. 1995இல் கித்துல்கலைக் காட்டில் இரவில் ஓர் ஆந்தையின் குரல் கேட்டது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத குரல். கேட்டவர் தீபால் வறக்காகொட என்ற பறவையியலாளர். அவர் விடாமல் தேடி, 2001 ஜனவரியில் சிங்கராஜவனத்தில் அந்த ஆந்தையைக் கண்டார். 2004இல் உலகுக்கே புதிய இனம் என்று முறைப்படி அறிவித்தார்கள். இலங்கையில் 1868க்குப் பிறகு கிடைத்த முதல் புதிய பறவை இனம் அது. கித்துல்கலை எங்கே இருக்கிறது? எட்டியாந்தோட்டைக்கு அடுத்தாற்போல், இறப்பர்த் தோட்டங்களின் நடுவே, கேகாலை மாவட்டத்தில். விடியற்காலை இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்கள் அந்தக் குரலை ஆண்டாண்டாகக் கேட்டிருக்கக் கூடும். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நாமும் யாரிடமும் சொல்லவில்லை.

கொழுந்து பறிக்கிற அக்காமாருக்குத் தெரிந்த காடு எந்த ஆய்வாளருக்கும் தெரியாது. குளவி எந்த மரத்தில் கூடு கட்டியிருக்கிறது, மந்தி எந்தப் பக்கம் கத்தினால் எந்த மலையில் எதுவோ நடமாடுகிறது, காட்டுக்கோழி எந்த ஓடையோரம் கிளறும், இதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. உயிர் தப்ப வேண்டுமென்பதற்காகக் கற்ற அறிவு அது. அதை ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்தால் ஆவணமாகிவிடும். நம் பிள்ளைகளில் சிங்களமும் ஆங்கிலமும் பேசத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏன் அவர்கள் சிங்கராஜவனத்திலும் உடவளவையிலும் வழிகாட்டிகளாக வரக் கூடாது? கொழும்புக் கடைக்குத்தான் போக வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

இனி நான் கேட்பவை. இந்தக் கூட்டத்தை ஒழுங்கு செய்த சங்கத்தார் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு பயணம் ஒழுங்கு செய்ய வேண்டும். உள்ளூர்க்காரருக்கு நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவர் கட்டுவதோடு பார்த்தால் மிகச் சிறிது. ஜீப் வாடகைதான் கனக்கும். ஆறு பேர் பங்கு போட்டால் தாங்கலாம். போனால் ஒரு யானைக் கூட்டத்தோடு ஒரு மணித்தியாலம் நில்லுங்கள். பத்து இடத்துக்கு ஓட வேண்டாம். பாட்டுப் போடாதீர்கள், தீனி எறியாதீர்கள், மற்ற ஜீப்புகளோடு சேர்ந்து விலங்கைச் சுற்றி வளைக்கச் சாரதியை விடாதீர்கள். சிறுத்தை வரவில்லை என்று அவரோடு சண்டை பிடிக்காதீர்கள்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் தோட்டத்தைச் சுற்றி ஒரு நடை போங்கள். கம்பி கட்டியிருந்தால் அவிழ்த்து எடுத்துவிடுங்கள். யாரோ கட்டி மறந்த கம்பி இருந்தாலும் எடுத்துவிடுங்கள். மறந்துபோன கம்பியும் விலங்கைப் பிடிக்கும். பன்றிக்குக் கிளிசரியாக் கம்பு நட்டு நெருக்கமாக வேலி போடலாம், தகரம் கட்டித் தட்டலாம், நாலு வீடு சேர்ந்து முறை வைத்துக் காவல் இருக்கலாம். இவற்றில் எதுவும் முழுத் தீர்வு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏதாவது விலங்கு கம்பியில் அகப்பட்டிருந்தால் கிட்டப் போகாதீர்கள், கூட்டம் கூடி வீடியோ எடுக்காதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்துக்கு உடனே சொல்லுங்கள்.

பயணத்துக்கு வர விரும்பும் ஆசிரியர்களும் பெற்றோரும் போவதற்கு முன் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.